நடுவில் வைத்த அச்சு

“நாய் புடிக்கற வண்டியாட்டம் இருக்குது” என்றது ஒரு குரல். “எதா இருந்தா என்னக்கா, நாலு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போயிருவாங்கல்ல. அப்பறம் கோழி அடைய ஆகும்” என்றது இன்னொரு குரல். மதிலுக்கு அந்தப் பக்கம் பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள். குடம் நிரம்பும் சத்தத்தில் எங்களுக்குக் கேட்காது என்று நினைத்திருப்பார்கள். வாணி அக்காவுக்குக் கேட்டிருக்காது, வெல்டிங் மிஷினின் உறுமல் அவள் காதருகேதான் இருக்கிறது. எனக்குக் கேட்டுவிட்டது. எனக்கு எப்போதும் கேட்டுவிடும், பார்வையிலும் பட்டுவிடும், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் தெரியாது. அக்கா கண்ணாடித் தகட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறாள், நான் ஈரச்சாக்கைக் கையில் சுற்றி இரும்பு ஆங்கிளை அசையாமல் பிடித்தபடி முகத்தைத் திருப்பி வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெளிச்சத்தைப் பார்க்காதே, பார்த்தால் கண்ணில் மண் போட்டதுபோல் இரண்டு நாள் உறுத்தும் என்று முதல் நாளே சொல்லியிருக்கிறாள். பார்க்காவிட்டாலும் வெளிச்சம் வருகிறது. வேப்பமரத்தின் தண்டில் நீலமாக விட்டுவிட்டுத் துடிக்கிறது. நாலு மணிக்கு வரப்போவது அவளுடைய கணவர் மகேந்திரனும் அவருடைய பெரியப்பாவும். இப்போது மணி இரண்டே முக்கால் இருக்கும், ஏனென்றால் மரத்தின் நிழல் அப்பாவின் நாற்காலியைத் தொட்டுவிட்டது, அப்பா நாற்காலியை நகர்த்தவில்லை.

ஆங்கிள் சூடாகிறது. சூடாகும்போது கோழி நாற்றம் வருகிறது. இது கோழிப்பண்ணை ஒன்றைப் பிரித்தபோது வந்த இரும்பு, சங்ககிரி காயலான் கடையில் குவியலாகக் கிடந்தது, அக்கா ஒவ்வொன்றாகத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்து வளைவு பார்த்து எடுத்தாள். எத்தனையோ ஆயிரம் கோழிகள் இதன்மேல் நின்றிருக்கும், அந்த எச்சம் எல்லாம் இரும்புக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது, நெருப்பு வைத்தவுடன் எழுந்து வருகிறது. சக்கரங்கள் இரண்டும், எங்கோ நொறுங்கிப்போன ஒரு ஆட்டோவின் பின்சக்கரங்கள். அச்சு அதனுடையது இல்லை, வேறு ஏதோ வண்டியினுடையது, பட்டறை சின்ராசு அண்ணன் அதை வெட்டி அளவாக்கிக் கொடுத்தார். அடித்தளத் தகரம் மூடிப்போன மாவு மில்லின் பெயர்ப்பலகை. அதைக் குப்புறப் போட்டிருந்தாலும், கீழே படுத்துப் பார்த்தால் ‘மிளகாய், மல்லி அரைத்துத் தரப்படும்’ என்று தலைகீழாகத் தெரியும். பக்கவாட்டுக் கம்பிகள் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாடும் கால்மாடும். இப்படி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஊர்களிலிருந்து வந்த சாமான்கள் எங்கள் வாசலில் வந்து ஒரே வண்டியாக மாறப் பார்க்கின்றன. அப்பாவின் பழைய மொபெட்டுக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுக்க ஒரு ட்ரெய்லர். பின்பக்கம் நிழல்வலைக்குக் கீழே முந்நூறு செடிகள் இருக்கின்றன, செம்பருத்தி, கறிவேப்பிலை, அடுக்குமல்லி, பப்பாளி, எல்லாம் அக்கா இந்த நான்கு மாதத்தில் பால் கவர்களிலும் கருப்புப் பைகளிலும் வளர்த்தவை. திருச்செங்கோடு ரோட்டில் புதிதாகக் கட்டும் வீடுகளில் எல்லாருக்கும் செடி வேண்டும், யாருக்கும் போய் வாங்க நேரமில்லை. மொபெட்டில் கட்டினால் ஒரு நடைக்குப் பன்னிரண்டு பை. இதில் எண்பது போகும். நாளைக்குக் காலையில் முதல் நடை என்று அக்கா சொல்லியிருக்கிறாள். நாளைக் காலையில் அவள் எங்கே இருப்பாள் என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை.

வெல்டிங் எங்கே கற்றுக்கொண்டாய் என்று சின்ராசு அண்ணன் கேட்டபோது, “ஜன்னல்லங்ணா” என்றாள். மகேந்திரன் வீட்டுப் பக்கத்தில் லாரி பாடி கட்டும் பட்டறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் அதுதான். நான்கு வருடம் பருப்பு வேகும் நேரமெல்லாம் அதையே பார்த்திருக்கிறாள், எந்தக் கோணத்தில் ராடு பிடிக்கிறார்கள், எப்போது தூக்குகிறார்கள், முதலில் இங்கொன்று அங்கொன்றாகப் புள்ளி வைத்து, மூலமட்டம் வைத்துப் பார்த்து, அப்புறம்தான் முழுசாகப் பற்றவைப்பார்கள் என்பதெல்லாம். வந்து இரண்டாவது மாதம் மிஷினை வாடகைக்கு எடுத்து முதல் தடவை ராடைத் தொட்டபோது அது இரும்போடு ஒட்டிக்கொண்டு வரவில்லை, அவள் இழுத்து இழுத்துச் சிரித்தாள், அப்படி அவள் சிரித்து நான் பார்த்து நான்கு வருடமாயிருந்தது. அப்பா அப்போதும் இதே நாற்காலியில்தான் இருந்தார். சிரிப்புக்குத் தலை தூக்கினார். அக்கா அவரைப் பார்ப்பதற்குள் பேப்பருக்குள் போய்விட்டார். அக்கா மாசி மாதம் ஒரு காலையில் ஒரு பையோடு பஸ்ஸில் வந்து இறங்கியதிலிருந்து அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமா என்றால் கோபம்போல் இல்லை. “அவ சாப்ட்டாளான்னு கேளு” என்று அம்மாவிடம் சொல்வார், அக்கா அங்கேயே தட்டோடு உட்கார்ந்திருப்பாள். மொபெட் வேண்டும் என்று அக்கா அம்மா வழியாகக் கேட்டனுப்பியதற்குப் பதிலே வரவில்லை, ஆனால் மறுநாள் அப்பா மில்லுக்கு பஸ்ஸில் போனார், சாவி ஆணியில் தொங்கியது. ஏன் வந்தாய் என்று அவர் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும் “எனக்கு அங்க இருக்க முடியலம்மா” என்றாள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அம்மா என்ன செய்வாள், மகேந்திரனின் பெரியப்பாவுக்கு போன் போட்டாள், அவர் நான்கு மாதம் இழுத்துவிட்டு இந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல நாள், நாங்களே வந்து அழைத்துப்போகிறோம் என்றார். முந்தாநாள் அக்கா சொல்லிவிட்டாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே. “அப்பா போன்னு சொல்லட்டும், போறேன். இருன்னு சொல்லட்டும், இருக்கறேன். அவரு வாயால சொல்லட்டும்.” அப்பா மோர் ஊற்றிக்கொண்டார்.

“புடி நல்லா. கை ஆடுது.” ஆடவில்லை அக்கா, பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆடுவது வேறு. அச்சு நடுவில் இருக்கிறது. இதோ என் காலடியில், நான் இந்தப் பக்கம் திரும்பாமல் வேப்பமரத்தையே பார்ப்பதற்கு வெளிச்சம் மட்டும் காரணமில்லை, திரும்பினால் அச்சு தெரியும். சரியாக நடுவில். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அக்கா ஒரு சணல் கயிற்றை எடுத்து, சட்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பிடித்து, இரண்டாக மடித்து, மடிப்பு விழுந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள். போட்டுவிட்டு என்னைப் பார்த்து, ஆனால் எனக்காக இல்லாமல், சற்று உரக்கச் சொன்னாள். “கழுத்துல பாரம் இறங்கக் கூடாதுன்னு அப்பா சொல்லுவாருல்ல.” அப்பா சின்ன வயதில் கரும்பு வண்டி ஓட்டியவர். மாட்டு வண்டியில் ஏற்றும்போது முன்னுக்கும் பின்னுக்கும் சரியாக நிரவி ஏற்ற வேண்டும், முன்னால் அதிகமானால் மாட்டின் கழுத்து புண்ணாகிவிடும் என்பது அவர் எதற்கும் சொல்வது. மளிகைப் பையை சைக்கிளில் மாட்டினாலும் சொல்வார், என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும்போது முன்னால் உட்கார வைத்து ஹேண்டில் கனத்தாலும் சொல்வார், பாரம் கழுத்துல இறங்கக் கூடாது கண்ணு, பின்னால தள்ளி உக்காரு. அக்கா அந்தச் சொல்லை எடுத்து வண்டிக்குக் கீழே வைத்துப் பற்றவைத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை வெறும் நாலு புள்ளிதான் வைத்திருந்தாள். ஒரு சுத்தியல் தட்டில் பிரிந்திருக்கும்.

நான் செவ்வாய்க்கிழமையே பார்த்துவிட்டேன். மூன்று வருடம் இயற்பியல் படித்ததில் எனக்கு மிஞ்சியது இப்படி எதைப் பார்த்தாலும் அதன் எடை எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான். ஆய்வுக்கூடத்தில் மீட்டர் ஸ்கேலைக் கத்தி முனையில் நிறுத்துவோம், நடுவில் வைத்தால் நிற்கும், மூச்சு பட்டால் எந்தப் பக்கமும் போகும். இதுவும் அப்படித்தான் நிற்கும். பின்னால் இரண்டு பை கூடினால் கொக்கியில் மாட்டும் முன்மூக்கு மேலே எழும்பும், மொபெட்டின் பின்சக்கரத்தைத் தூக்கும், சரிசமமாகவே இருந்தாலும் வேகம் எடுத்தவுடன் வால் ஆட்ட ஆரம்பிக்கும், இடம் வலம் இடம் வலம், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அகலம் கூடிக்கொண்டே போகும். மாட்டுக்குக் கழுத்து இருக்கிறது, அது நுகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும், நடை தப்பினால் நின்றுவிடும். மொபெட் நிற்காது. அது இழுக்கும் வண்டிக்கு மூக்கில் கொஞ்சம் பாரம் இறங்கியே ஆக வேண்டும், பத்தில் ஒரு பங்கு, அச்சு அரை அடி பின்னால் போயிருக்க வேண்டும். கல்லூரிச் சான்றிதழ் வந்த உறையின் பின்பக்கத்தில் மூன்று தடவை கணக்குப் போட்டேன், மூன்று தடவையும் அதே அரை அடி. போனில் ஒரு வீடியோவும் பார்த்தேன், எந்த நாடோ, ஒரு சிறிய பொம்மை வண்டியை ஓடும் பட்டையில் வைத்துக் காட்டினார்கள், எடை முன்னால் இருக்கும்போது நேராகப் போகிறது, பின்னால் நகர்த்தியவுடன் நான்கே நொடியில் துள்ளி விழுந்து உருண்டது. சத்தத்தைக் குறைத்து வைத்து அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று தெரியாது. புதன்கிழமை காலையில் சொல்லிவிடலாம் என்று காபியோடு வந்தேன். அக்கா எனக்கு முன்னால் எழுந்து அச்சை முழுக்கச் சுற்றிப் பற்றவைத்துவிட்டிருந்தாள். கரித்தோலைத் தட்டி உதிர்த்து, உள்ளே மீன் செதில்போல் வரிவரியாக மின்னியதைக் காட்டி, “பாத்தியா, ஜன்னல்ல பாத்த ஆளு போட்டது” என்றாள். நான் காபியைக் கொடுத்தேன். நல்லாருக்கு என்றேன்.

வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கல்லூரியில் வாய்மொழித் தேர்வின்போது மேடம் கேட்டார். விடை தெரியும். மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டுக்குள் ஒரு காற்றுக்குமிழ் இருந்ததுகூட இன்னும் நினைவிருக்கிறது. விடையை வாய்க்குள் முழுசாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, இப்போது சொல்லலாம் இப்போது சொல்லலாம் என்று நின்று, அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். தேர்வு போனால் போகிறது. போன வருடம் பொங்கல் சீர் கொண்டுபோய்க் கொடுக்க நானும் அம்மாவும் அக்கா வீட்டுக்குப் போனோம். வாசலில் செருப்புகளைக் கழற்றும்போது பார்த்தேன், எனக்குத்தான் கண்ணில் படுமே, மகேந்திரன் மாமாவுடையது இரண்டு ஜோடி, அவர் அம்மாவுடையது ஒன்று, வேலைக்கார அம்மாவின் ரப்பர் செருப்பு ஒன்று. அக்காவினுடையது இல்லை. உள்ளே போய்ப் பார்த்தேன், கொல்லையில் பார்த்தேன், குளியலறை வாசலில் பார்த்தேன். “உன் செருப்பு எங்கக்கா?” என்று அடுப்படியில் கேட்டேன், மெதுவாக. அக்கா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, “அவரு வண்டிப் பொட்டில இருக்குது” என்று சொல்லிச் சிரித்தாள். “அவரு வெளிய போறப்ப எடுத்துட்டுப் போயிருவாரு. தொலைஞ்சுரும்னு.” நானும் சிரித்தேன். பாவி நானும் சிரித்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா மடியில் தட்டை வைத்துக்கொண்டு, நல்லா வெச்சிருக்காங்க, ஃபிரிட்ஜ் ரெண்டு கதவு பாத்தியா என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சித்திரை, வைகாசி, ஆடி, ஐப்பசி, ஒரு வருடம் அந்தச் செருப்பு இல்லாத வாசல் எனக்குள் அப்படியே இருந்தது. நான் சொல்லியிருந்தால் அவள் ஒரு வருடம் முன்னால் வந்திருப்பாள். அல்லது வந்திருக்க மாட்டாள். தெரியவில்லை. அவள் வந்த பிறகாவது சொல்லியிருக்கலாம், அவளே சொல்லாததை நான் எப்படிச் சொல்வது, அது அவளுடைய அவமானம் இல்லையா, அதைத் தொட எனக்கு என்ன உரிமை என்று ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்து அதற்குள் உட்கார்ந்துகொண்டேன். அச்சுக்கும் ஒன்று கண்டுபிடித்தேன். அது அப்பாவின் சொல். அக்கா அப்பாவிடம் பேச வேறு வழியில்லாமல் கயிற்றை இரண்டாக மடித்துப் பேசினாள். அதைத் தப்பு என்று அப்பா காதுபட எப்படிச் சொல்வது.

மிஷின் நின்றுவிட்டது. திடீரென்று குழாயடிச் சத்தமும் இல்லை, தண்ணீர் நின்றுவிட்டது போல. அக்கா தகட்டை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைக்கிறாள், கழுத்து முழுக்கக் கரி, மூக்கின்மேல் கண்ணாடித் தகடு பதிந்த கோடு. மூக்கைத்தான் கடைசியாகப் பற்றவைத்திருக்கிறாள், ட்ரெய்லரின் மூக்கை, முன்னால் நீண்டு போய் மொபெட்டின் கொக்கியில் உட்காரும் கம்பியை. கொக்கி நேற்றே தயார். அம்மா உள்ளேயிருந்து வருகிறாள், ஈரத்தலையில் துண்டு, கையில் போன். “குமாரபாளையம் தாண்டிட்டாங்களாம். போய்க் குளிச்சுட்டு வா சாமி. அந்தப் பச்சச் சேலை எடுத்து வெச்சிருக்கறேன்.” அக்கா மூக்கைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறாள். “ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டுக் குளிக்கறம்மா.” “இந்தக் கோலத்துல அவங்க பாத்தா என்ன நெனப்பாங்க?” “லாரிப் பட்டறைக்குப் பக்கத்து வீட்டுக்காரங்கம்மா. கரி அவங்களுக்குப் புதுசா?” அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதை அடக்கிக்கொண்டு அப்பா பக்கம் திரும்பினாள். “ஏனுங், நீங்களாவது சொல்லுங்களே. வர்றவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னாவது சொல்லுங்க.” அப்பா குளித்துச் சலவைச் சட்டை போட்டுத் தயாராக இருந்தார், மதியம் சாப்பிட்டதிலிருந்தே. பேப்பரை மடித்து வைத்தார். எங்கள் எல்லாரையும் தாண்டி வேப்பமரத்தைப் பார்த்தார், நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது தெரிந்தது, இல்லை, எப்போதும் தெரியும், இந்த வாய் யாருடையது என்று. அவருக்கும் எல்லாம் கண்ணில் படுகிறது. அவருக்கும் உள்ளே ஏதோ சேர்ந்து சேர்ந்து, இப்போது சொல்லலாம் இப்போது சொல்லலாம் என்று, அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிடப் போகிறார்கள்.

அக்கா செடிப் பைகளை ஏற்றுகிறாள். நான் எடுத்துக் கொடுக்கிறேன். இப்போதே சொல், இந்தப் பையைக் கொடுக்கும்போது. இல்லை, அடுத்த பைக்கு. ஈர மண் வாசனையும் கோழி வாசனையும் சேர்ந்து வருகிறது. செம்பருத்தியில் ஒரு மொட்டு விட்டிருக்கிறது, மடிந்த குடை மாதிரி. அவள் பின்னாலிருந்து அடுக்கிக்கொண்டு வருகிறாள், பின்னால் கனமான பப்பாளிப் பைகள், எட்ட வசதியாக இருக்கும் என்று. எங்கள் வீட்டு வழி மண்பாதை, நூறு அடி, அப்புறம் வாய்க்கால் பாலம், பாலத்திலிருந்து தார்ரோடு வரைக்கும் இறக்கம். இறக்கத்தில்தான் வேகம் பிடிக்கும். இடம் வலம். தார்ரோட்டில் சங்ககிரி லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும், சிமெண்டு ஏற்றியவை, ஆழ்துளைக் கிணறு போடும் பெரிய வண்டிகள். இடம் வலம் இடம். அந்தப் பொம்மை வண்டி உருண்டபோது சத்தமே இல்லை, நான்தான் குறைத்து வைத்திருந்தேன். செடிகள் தார்மேல் சிதறும். அதற்குள் குமாரபாளையம் தாண்டி வந்த கார் எதிரே வந்து நிற்கும், பெரியப்பா இறங்குவார், இதுக்குத்தானம்மா அங்கயிருந்து வந்தே என்பார், அவர் நல்ல மனிதர், அன்பாகத்தான் சொல்வார். அக்கா எழுந்து முழங்கையைப் பார்த்துக்கொண்டு பச்சைச் சேலை கட்டப் போவாள். ஒரு வண்டி கவிழ்ந்தால் போதும், அவள் இந்த நான்கு மாதத்தில் செய்த எல்லாவற்றையும் கவிழ்ந்த வண்டி என்றே சொல்வார்கள். அதுகூட வேண்டாம். அவளுக்கு அடிபட்டால். அவள் மூக்கைக் கொக்கியில் மாட்டி, மொபெட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பெடலை மிதிக்கிறாள், ஒரு மிதி, இரண்டு மிதி, எஞ்சின் பிடிக்கிறது, மூக்கு இருக்கிற இடத்தில் கொக்கி கிணுங்கிக்கொண்டு மேலும் கீழும் தளதளக்கிறது, அழுத்தமே இல்லாமல், கத்தி முனை ஸ்கேல் மாதிரி, நான் போய் அதன்மேல் கை வைத்துவிட்டேன், சுடுகிறது, எடுக்கவில்லை.

“அக்கா. அச்சு நடுவுல இருக்கக் கூடாது.”

என் குரல்தான். எஞ்சினுக்கு மேலே கேட்டது. அக்கா எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். “என்ன?” “மூக்கு பாரமா இருக்கணும். வண்டிய அழுத்திக்கிட்டு இருக்கணும். இல்லைன்னா எறக்கத்துல வாலு ஆட்டும். மாட்டுக்குத்தான் கழுத்துல பாரம் ஆகாது. இதுக்குக் கழுத்துல பாரம் இருந்தாத்தான் நேராப் போகும்.” இவ்வளவு நீளமாக நான் பேசி யாரும் கேட்டதில்லை. அம்மா துண்டைப் பிடித்தபடி நின்றாள். அக்கா இறங்கி வந்து மூக்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். சுண்டு விரலால் தூக்கினாள், எழும்பி வந்தது. அப்படியே குந்தி உட்கார்ந்து, தான் போட்ட மீன் செதில்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“எப்பத் தெரியும் உனக்கு?”

“செவ்வாக்கெழம.”

“புள்ளி வெச்சப்பவேவா?”

“ம்.”

அடிப்பாள் என்று நினைத்தேன், சின்ன வயதில் பின்னலைப் பிடித்து இழுப்பாள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள், ராடு ஒட்டிக்கொண்ட அன்று சிரித்த மாதிரி. “படிச்ச புள்ளைய வீட்ல வெச்சிருந்து என்ன பிரயோஜனம் பாருங்கம்மா. வேற என்னவெல்லாம் தெரியும் உனக்கு? இருக்கறதையெல்லாம் இன்னைக்கே சொல்லிரு கண்ணு, இன்னொருக்கா வெல்டிங் மிஷின் வாடகைக்கு எடுக்க முடியாது.” விளையாட்டுக்குத்தான் கேட்டாள். ஒரு வாய் திறந்தபிறகு அதை எப்படி மூடுவது என்று எனக்குப் பழக்கமில்லை. “செருப்பு” என்றேன். “என்ன செருப்பு?” என்றாள் அம்மா. அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது, வேண்டாம் என்பதுபோல் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்க்காமல் செம்பருத்தி மொட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். “அங்க வாசல்ல அக்கா செருப்பு இருக்காதும்மா. மாமா வெளிய போறப்ப வண்டிப் பொட்டில போட்டுப் பூட்டிட்டுப் போயிருவாரு. அவ எங்கயும் போகக்கூடாதுன்னு. போன வருசம் பொங்கலுக்கே எனக்குத் தெரியும். நான் சொல்லல.”

நாற்காலி கிரீச்சிட்டது. யாரும் திரும்பவில்லை. அம்மா, “நாலு வருசமாவா” என்றாள், ஒன்றும் கேட்காத குரலில். அக்கா எழுந்து, பின்னால் இருந்த பப்பாளிப் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் வைக்கத் தொடங்கினாள், வேகமாக, கையில் வேலை இருந்தால் போதும் என்பதுபோல. நானும் எடுத்து வைத்தேன். “நாளைக்கு மிஷினத் திருப்பிக் குடுக்கறதுக்குள்ள வெட்டி அரையடி பின்னால தள்ளிக்கலாம்” என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “இன்னைக்கு முன்னால கனம் வெச்சுப் பாலம் வரைக்கும் போய்ப் பாக்கலாம். ஓடுதான்னு தெரியணும் எனக்கு.” எல்லாப் பைகளையும் முன்னால் சேர்த்தும் கொக்கி கிணுங்கியது. பத்தாது என்றேன். “நீ ஏறு.” ஏறினேன். கிணுங்கல் குறைந்தது, நிற்கவில்லை. “மழையில நனைஞ்ச கோழியாட்டம் இருந்தா எப்படிப் பத்தும். எறங்கு.” அம்மா கையில் போன் அடித்தது. அம்மா பேரைப் பார்த்துவிட்டு அதை எங்களுக்குக் காட்டினாள், பெரியப்பா. “பாலத்துக்கிட்ட வழி கேப்பாங்க. என்ன சொல்ல? ஏனுங், என்னன்னு சொல்ல?”

அப்பா நாற்காலியிலிருந்து வந்து எங்களுக்கு நடுவில் நின்றார். குனிந்து கொக்கியை உள்ளங்கையால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கட்டில் கம்பியைப் பிடித்து, சக்கரத்தின்மேல் கால் வைத்து ட்ரெய்லரில் ஏறினார். பைகளுக்கு நடுவே இடம் பண்ணி, மூக்குக்கு நேர் பின்னால், மொபெட் சீட்டுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கொக்கியின் கிணுங்கல் நின்றது. காலுக்கு இடைஞ்சலாக இருந்த செம்பருத்திப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.